அப்பாவின் கைகால்களில் கட்டிகளாகத் திரண்டுவிட்ட கவுட் வருத்தம்: இனியும் கரைக்க முடியுமா?

புன்னாலைக்கட்டுவன் மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 62 வயது. வெங்காயமும் புகையிலையும் செய்கை பண்ணி, தோட்டத்தில் நின்றே எங்கள் மூவரையும் படிப்பித்தவர். 14 வருடங்களுக்கு முன்னர் ஓர் இரவு அவரது வலது காற்பெருவிரல் வீங்கிச் சிவந்து, கட்டியிருந்த சாரத்தின் நுனி பட்டாலே துடிக்குமளவுக்கு வலித்தது. அப்போது பார்த்த வைத்தியர் அது கவுட் என்று சொன்னார். பாமசியில் வாங்கிய டைக்ளோபினாக் குளிசையை நான்கைந்து நாட்கள் போட்டதும் வலி மாறிவிட்டது. நாங்களும் அதை மறந்துவிட்டோம். பின்னர் வருடத்துக்கு ஒரு தடவை வந்தது, மூன்று மாதங்களுக்கு ஒரு தடவையாயிற்று. இப்போது மாதத்தில் இரண்டு தடவையாவது ஏதாவதொரு மூட்டு வீங்குகிறது. ஒவ்வொரு தடவையும் அதே குளிசைதான்.

கடந்த ஐந்து வருடங்களில் இரண்டு முழங்கைகளிலும் விளாங்காய் அளவில் கட்டிகள் திரண்டுவிட்டன. விரல் மூட்டுகளில் கொட்டைப்பாக்கு அளவிலும் காது மடலில் அரிசிமணி போலவும் இருக்கின்றன. மண்வெட்டிப் பிடியை அவரால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. சோற்றைக் குழைத்து உண்ணவும் விரல் மடங்காததால் கரண்டியால் சாப்பிடுகிறார். அதையும் நாங்கள் பார்க்காதபோதுதான் சாப்பிடுகிறார். சென்ற மாதம் இடது காற்பெருவிரலின் மேலிருந்த கட்டி வெடித்து, சுண்ணாம்பைக் குழைத்தது போன்ற வெள்ளைப் பசை இன்னமும் கசிந்துகொண்டிருக்கிறது.

இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 9.8, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் 1.9 என்று வந்திருக்கிறது. எட்டு வருடங்களாகக் குருதி அமுக்கத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் குளிசை எடுக்கிறார். சலரோகமும் ஆரம்ப நிலையில் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல் 300 மில்லிகிராம் குளிசையை முதல் நாளிலிருந்தே எழுதிக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் இரண்டு முழங்கால்களும் வீங்கி அவர் படுக்கையில் விழுந்துவிட்டார். தோலில் சொறியோ தடிப்போ எதுவும் வரவில்லை. ஆனாலும் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நாங்களே அதை நிறுத்திவிட்டோம்.

அந்தக் கட்டிகளை வெட்டி எடுக்கலாமா, அல்லது மருந்தால் உண்மையிலேயே கரையுமா? சிறுநீரகம் பழுதடைந்திருக்கும் நிலையில் அலோபியூரினோலை மறுபடியும் தொடங்குவது ஆபத்தானதா? இன்னுமொன்றையும் எழுத வேண்டும். தவறணைக்குப் போனவனுக்கு வரும் வருத்தம் என்று ஊரில் சொல்கிறார்கள். அப்பா மாலையில் கள்ளுக் குடித்தவர்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆறு வருடங்களாக அவர் ஒரு துளியும் தொடவில்லை. கட்டிகள் பெரும்பாலும் அதன் பிறகுதான் வளர்ந்தன. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே அவர் கிளினிக்குக்குப் போக மறுக்கிறார்.

கொக்குவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

பிள்ளை, உங்கள் கடைசிப் பந்திக்கு முதலில் பதில் சொல்கிறேன். நான் பிறந்ததிலிருந்து சைவம். மதுவைத் தொட்டதில்லை. எனக்கு முதன்முதலாகக் கவுட் வந்தது 47 ஆவது வயதில், கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள், வெறும் தண்ணீருடன் இருந்தபோது. அன்றைக்கு என் கால் வீங்கியதைக் கண்ட சக ஆசிரியர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்ற வெட்கத்தில், வாசற்படியில் தடக்கி விழுந்ததாகப் பொய் சொன்னேன். அந்த வெட்கத்தாலேயே பதினொரு வருடங்கள் உரிய வைத்தியம் செய்யாமல் விட்டேன். கரும்பலகையில் வெண்கட்டி பிடித்து எழுதிய அதே விரல்களில் வெண்கட்டிபோலவே திரண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் கிளினிக்குக்குப் போனேன். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். குடித்தவருக்கும் வரும், விரதம் இருந்தவருக்கும் வரும்.

உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்தது. அலோபியூரினோல் 100 மில்லிகிராமில் தொடங்கி, மாதத்துக்கு ஒரு படியாகக் கூட்டி, ஒரு வருடத்தில் 500 மில்லிகிராமில் நிறுத்தினார்கள். முதல் ஏழு மாதங்களில் மூன்று தடவை மூட்டு வீங்கியது. அது வரும் என்று வைத்தியர் முதல் நாளே சொல்லியிருந்ததால்தான் நான் மருந்தை விடவில்லை. யாரும் சொல்லாமல் விட்டிருந்தால் நானும் உங்களைப் போலவே நிறுத்தியிருப்பேன். யூரிக் அமிலம் 4.6 க்கு இறங்கி அங்கேயே நின்றது. காது மடலில் இருந்தவை முதலில் மறைந்தன. இரண்டாம் வருடத்தில் விரல்கள் மடங்கத் தொடங்கின. முழங்கையில் இருந்த பெரிய கட்டி தட்டையாக மூன்று வருடங்கள் பிடித்தன. வலது கைச் சுட்டுவிரலின் நடுமூட்டு மட்டும் இன்றுவரை முழுவதும் நிமிரவில்லை. அங்கே எலும்பு அரிக்கப்பட்டுவிட்டது என்று எக்ஸ்ரே காட்டியது.

நான் செய்த தவறையும் எழுதுகிறேன். இரண்டாம் வருட நடுவில் உடம்பு நன்றாக இருந்தபோது குளிசையை விட்டுப் பார்த்தேன். ஆறு மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் மாதம் கணுக்கால் வீங்கியது. பரிசோதித்தபோது யூரிக் அமிலம் மறுபடியும் 9 ஐத் தாண்டியிருந்தது. இப்போது எனக்கு 71 வயது. காலைத் தேநீரோடு அந்தக் குளிசையும் போகிறது.

மருத்துவ விடுதியில் பணிபுரியும் வைத்தியர் எழுதியது:

நோயாளியை நேரில் பார்க்காமல் மருந்து சொல்வது முறையல்ல. ஆகவே அளவுகளை நீங்கள் எழுதி எடுத்துச் சென்று உங்கள் வைத்தியருடன் பேசுவதற்கான விளக்கமாகவே கொள்ளுங்கள். ஆனால் நோயின் போக்கை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த நோயில் மருந்து தோற்பதைவிட விளக்கம் கிடைக்காமல் மருந்து கைவிடப்படுவதையே நான் அதிகம் காண்கிறேன்.

ஆனையிறவு உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்தியில் விட்ட கடல்நீர் வெயிலில் வற்றி, அதன் அடர்த்தி ஓர் எல்லையைத் தாண்டியதும் உப்பு மணிகளாக விழுகிறது. அதே பாத்தியில் மழை பெய்தால் விளைந்த உப்பும் கரைந்துவிடுகிறது. இரத்தத்தில் யூரிக் அமிலத்துக்கு அந்த எல்லை, உடல் வெப்பநிலையில், ஒரு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம். அதற்கு மேல் வருடக்கணக்கில் நின்றால் அது ஊசி வடிவப் பளிங்குகளாகப் படிகிறது. உடலின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர்ந்திருக்கும் காற்பெருவிரலிலும் காது மடலிலும் அது எளிதாகப் படிகிறது. உங்கள் அப்பாவின் காலிலிருந்து கசியும் வெள்ளைப் பசை அந்தப் பளிங்குகள்தான். 1679 இல் ஒல்லாந்து ஆய்வாளர் லேவன்ஹூக் தமது நுணுக்குக்காட்டியில் இத்தகைய கட்டியொன்றின் வெண்பொருளை வைத்துப் பார்த்து, ஊசி போன்ற துணிக்கைகளை விவரித்து எழுதினார். அவை என்ன பொருள் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. இன்றைக்கு முனைவாக்கிய ஒளியில் அதே சோதனையைச் செய்தே நாங்கள் நோயை உறுதிப்படுத்துகிறோம். அப்பாவுக்கு மூட்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டிய தேவைகூட இராது. கசியும் பசையிலேயே பார்த்துவிடலாம்.

இந்த உவமையில் மழையாகப் பெய்வது மருந்து. யூரிக் அமிலம் 6 க்குக் கீழே தொடர்ந்து நின்றால் புதிய பளிங்கு படியாது, பழையது மெல்லக் கரையும். எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு விரைவாகக் கரையும் என்பதால், உங்கள் அப்பாவைப் போலக் கட்டிகள் திரண்டவர்களுக்குக் கட்டிகள் மறையும்வரை 5 க்குக் கீழே வைத்திருக்க முயல்கிறோம். சில ஆய்வுகூடங்கள் மைக்ரோமோல் கணக்கில் அறிக்கை தருவார்கள்; அதில் 6 என்பது 360 ஆகவும் 5 என்பது 300 ஆகவும் இருக்கும். ஆசிரியர் ஐயா எழுதிய மூன்று வருடம் என்ற காலம் மிகையல்ல. அதேபோல் எலும்பில் எலி கடித்ததுபோல விழுந்த குழிகள் முழுவதும் மீளாது என்பதையும் அவர் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த நோய் ஏன் வருகிறது என்பதைப் பற்றி ஊரார் சொல்வது பெரும்பாலும் தவறு. ஆடு மாடுகளின் உடலில் யூரிக் அமிலத்தை மேலும் உடைக்கும் யூரிகேஸ் என்னும் நொதியம் இருக்கிறது. மனிதருக்கு அது பரிணாமத்தில் செயலிழந்துவிட்டது. உண்டாகும் யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் வெளியேற்ற வேண்டும். கவுட் நோயாளிகளில் மிகப் பெரும்பான்மையோருக்கு அது அளவுக்கு மீறி உண்டாவதில்லை. சிறுநீரகம் அதைப் போதியளவு வெளியேற்றுவதில்லை, அதிலும் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு. கள்ளும் சாராயமும் அதை மோசமாக்கும் என்பது உண்மை. ஆனால் கடும் உணவுக் கட்டுப்பாட்டினால்கூட யூரிக் அமிலம் ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான் இறங்கும், 9.8 இலிருந்து அப்படி இறங்கினாலும் எல்லைக்கு மேலேயே நிற்கும். அப்பா கள்ளை விட்டது நல்ல காரியம். அது போதாமற் போனது அவரது குற்றமல்ல.

அலோபியூரினோலை நிறுத்திய கதைக்கு வருகிறேன். பத்தாம் நாள் முழங்கால்கள் வீங்கியது ஒவ்வாமை அல்ல. படிந்திருந்த பளிங்குகள் கரையத் தொடங்கும்போது அவற்றின் மேற்பரப்பு தளர்ந்து துணிக்கைகள் மூட்டுக்குள் உதிர்கின்றன, உடலின் பாதுகாப்புக் கலங்கள் அவற்றைத் தாக்குகின்றன, மூட்டு வீங்குகிறது. அளவை ஒரேயடியாகக் கொடுத்தால் இது கடுமையாக வரும். அதனால்தான் சாதாரணமாக 100 மில்லிகிராமிலும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு 50 மில்லிகிராமிலும் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை பரிசோதித்துப் படிப்படியாகக் கூட்டுகிறோம். கூடவே, வீக்கம் வராமல் தடுக்கும் கொல்ச்சிசின் குளிசையைச் சிறிய அளவில், குறைந்தது மூன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குக் கொடுக்கிறோம். கட்டிகள் உள்ளவர்களுக்கு அதைவிட நீடிக்கலாம். கிரியேற்றினின் 1.9 ஆக உள்ளவருக்குக் கொல்ச்சிசினின் அளவு இன்னும் குறைக்கப்பட வேண்டும். வீக்கம் வந்தால் அலோபியூரினோலை நிறுத்தக் கூடாது. வீக்கத்துக்குத் தனியாக வைத்தியம் செய்ய வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மருந்தைச் சிறிய அளவிலேயே நிறுத்திவைப்பது முன்பு வழக்கமாக இருந்தது. அதனால் பலருக்கு இலக்கு எட்டப்படாமலே போயிற்று. இப்போதைய வழிகாட்டல்கள் குறைவாகத் தொடங்கி, பொறுமையாகக் கூட்டி, இலக்கை எட்டும்வரை 300 ஐத் தாண்டியும் போகலாம் என்று கூறுகின்றன. உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, அதை அறிந்து வைத்திருங்கள். அரிதாகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள், தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவத்தல் ஆகியவற்றுடன் கடுமையான ஒவ்வாமை வரும். அப்படியொன்று தெரிந்தால் அடுத்த குளிசையைப் போடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூட்டு வீங்கினால் தொடர வேண்டும், தோல் தடித்தால் நிறுத்த வேண்டும்: இந்த வேறுபாட்டை வீட்டில் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. அலோபியூரினோல் ஒத்துவராதவர்களுக்கு ஃபெபுக்ஸோஸ்டாற் என்ற மருந்து இருக்கிறது. இருதய நோய் உள்ளவர்களுக்கு அதை யோசித்தே கொடுக்க வேண்டும். யூரிகேஸ் நொதியத்தையே நாளத்தில் ஏற்றும் பெக்லோட்டிகேஸ் என்ற மருந்து அமெரிக்காவில் 2010 இல் அனுமதி பெற்றது. வெளிநாட்டு உறவினர்கள் அதைப் பற்றிச் சொல்லக்கூடும். ஆனால் அது மற்ற மருந்துகள் பயனளிக்காதவர்களுக்கானது, அப்பாவுக்கோ முதல் மருந்தே இன்னும் முறையாகக் கொடுக்கப்படவில்லை.

அலோபியூரினோல் என்றதும் எனக்குக் கேர்ட்ரூட் எலியன் அம்மையாரின் நினைவு வரும். அவரும் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும் இரத்தப் புற்றுநோய்க்கான ஒரு மருந்து உடலில் விரைவாக அழியாமல் காப்பதற்காகவே இதை ஆராய்ந்தார்கள்; அது கவுட் நோயாளிகளின் யூரிக் அமிலத்தைக் குறைப்பது அந்த வழியில்தான் தெரிய வந்தது. 1988 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் இவ்விருவரும் அடங்குவர். விலை குறைந்த இந்த மருந்து எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கிறது. அது சரியாகக் கொடுக்கப்படாமல் ஒருவர் விரல் மடங்காமல் இருப்பதைக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கட்டிகளை வெட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொதுவாக வேண்டாம். அவை உறைக்குள் இருக்கும் உருண்டைகள் அல்ல. தசைநார்களோடும் நரம்புகளோடும் பின்னிப் பரந்திருப்பவை. வெட்டிய காயம் ஆறுவதற்கு மாதங்கள் எடுக்கும், சலரோகம் உள்ளவருக்கு அதைவிடவும் நீளும். கிருமி தொற்றினாலோ, நரம்பை நெரித்தாலோ, மூட்டு அசைய முடியாமற் போனாலோ மட்டும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவோம். வெடித்த விரலைப் பிதுக்க வேண்டாம். தினமும் சுத்தமான மருந்துக்கட்டுப் போடுங்கள். வெள்ளைப் பசை சீழல்ல. ஆனால் சுற்றிலும் சிவந்து சூடேறினாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அதைக் கிருமித் தொற்றாகவே கருதி உடனே காட்ட வேண்டும்.

இரண்டு குளிசைகளைப் பற்றி இந்த வாரமே பேசுங்கள். முதலாவது டைக்ளோபினாக். பழுதான சிறுநீரகத்தை அது மேலும் பழுதாக்கும், குருதி அமுக்கத்தையும் கூட்டும். வீக்கம் வரும்போது குறைந்த அளவு கொல்ச்சிசினோ, சில நாட்களுக்கு மட்டும் பிரெட்னிசோலோனோ வைத்தியரின் தீர்மானப்படி கொடுக்கலாம். பிரெட்னிசோலோன் எடுக்கும் நாட்களில் இரத்தச் சீனி ஏறும் என்பதால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஹைட்ரோகுளோரோதயசைட். சிறுநீரைப் போக்கும் இந்தக் குளிசை யூரிக் அமிலத்தை உடலில் தேக்கிவைக்கிறது. அதற்குப் பதிலாக லொசார்ட்டான் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அது குருதி அமுக்கத்தையும் குறைத்து யூரிக் அமிலத்தையும் சற்று வெளியேற்றும், ஆனால் பொற்றாசியத்தையும் கிரியேற்றினினையும் பரிசோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

வலிகாமத்திலிருந்து ஒருவர் எழுதியது:

எங்கள் பாட்டனாருக்குப் பரியாரியார் ஒருவர் கார்த்திகைக் கிழங்கை எண்ணெயில் காய்ச்சிக் கொடுத்து இதே வருத்தம் மாறியதாக அம்மா சொல்வார். வேலியில் படரும் கொடிதானே. பக்கவிளைவு இல்லாத மருந்தை ஏன் முயன்று பார்க்கக் கூடாது?

சாவகச்சேரி மருந்தாளர் எழுதியது:

அண்ணா, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். உங்கள் பாட்டனாரின் வலி குறைந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை, ஏனெனில் சங்கப் புலவர்கள் மகளிர் விரல்களுக்கு உவமை சொன்ன அந்தக் காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது கொல்ச்சிசினேதான். தமிழ்நாட்டில் அந்த மருந்துப் பொருளுக்காகவே இந்தக் கொடியைப் பயிரிடுகிறார்கள். ஆனால் ஒரு குளிசையில் அரை மில்லிகிராம் கொல்ச்சிசின் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. கிழங்கின் ஒரு துண்டில் எவ்வளவு இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. வைத்தியம் செய்யும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையிலுள்ள தூரம் இந்தப் பொருளில் மிகக் குறுகியது. இலங்கையில் இந்தக் கிழங்கை உண்டு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். அது தணிந்ததுபோல் தோன்றும் சில நாட்களில் எலும்பு மச்சை செயலிழந்து, சிறுநீரகம் உட்பட உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதான ஒருவரின் உடலில் அது இன்னும் நெடுநேரம் தங்கும். எண்ணெயாகப் பூசினாலும், வெடித்த புண் வழியாக எவ்வளவு உள்ளே போகும் என்பதை அளக்க வழியில்லை.

சித்த வைத்தியத்தில் நம்பிக்கையுள்ளவர்கள் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் கிரியேற்றினின் அறிக்கையையும் எடுத்துச் சென்று ஆலோசியுங்கள். வீட்டில் காய்ச்ச வேண்டாம்.

தங்கச்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொல்ச்சிசின் தொடங்கினால், வேறு வருத்தத்துக்கு மருந்து வாங்கும் ஒவ்வொரு தடவையும் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளும், வெரபமில், டில்ரியாசெம் ஆகிய குளிசைகளும் கொல்ச்சிசினை உடலில் தேங்க வைக்கும். கொலஸ்ட்ரோலுக்கு ஸ்டாற்றின் எடுப்பவராயின், தசை நோவோ பலவீனமோ வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

குருநகர் அக்கா எழுதியது:

என் கணவருக்கும் இந்த வருத்தம் உண்டு. கடற்றொழில் செய்யும் வீட்டில் மச்சமில்லாமல் சமைப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே நான் முற்றாக நிறுத்தவில்லை, மாற்றினேன். சூடை, நெத்தலி, மட்டி, ஈரல், குடல், இரத்த வறை ஆகியவற்றை அவருடைய தட்டில் வைப்பதில்லை. பெரிய மீனில் ஒரு துண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள். எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது ஒடியற்கூழ்தான். நண்டும் இறாலும் மீன்தலையும் வெந்த தண்ணீரிலேயே, உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் கரைந்து நிற்கிறதென்றும், துண்டுகளைத் தவிர்த்துவிட்டுக் கூழை மட்டும் குடிப்பதால் பயனில்லையென்றும் கிளினிக்கில் விளங்கப்படுத்தினார்கள். ஆட்டெலும்பு ரசத்துக்கும் அதே காரணந்தான். இப்போது அவருக்கென்று ஒடியல் மாவில் பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை போட்டுத் தனியாகக் காய்ச்சுகிறேன். முதலில் முகத்தைச் சுளித்தார். இப்போது பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள்.

பருப்பையும் பயற்றையும் கீரையையும் நிறுத்தச் சொல்லும் அயலவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். மரக்கறியிலுள்ள பியூரின் இந்த வருத்தத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்றே எங்களுக்குச் சொன்னார்கள். மாறாக, நல்லதென்று நினைத்து நாங்கள் கொடுத்த சீனி சேர்த்த நெல்லிரசமும் பதநீரான கருப்பநீரும்தான் தவறாக இருந்தன. கருப்பநீரில் மது இல்லை, ஆனால் அதிலுள்ள சீனியின் ஒரு பாதி பிரக்டோஸ் ஆகி யூரிக் அமிலத்தைக் கூட்டும். ஆடை நீக்கிய பாலும் மோரும் நல்லவை. உங்கள் அப்பாவுக்குச் சிறுநீரகப் பழுதும் இருப்பதால், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், எந்தப் பழம் உண்ணலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் கணவருக்குச் சொன்னது அவருக்குப் பொருந்தாமற் போகலாம்.

புன்னாலைக்கட்டுவன் மகள் ஐந்து வாரங்களின் பின்னர் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயாவின் பதிலை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கந்தசஷ்டி என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அடுத்த நாள் காலையில் தானாகவே சேட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

கிளினிக்கில் காலிலிருந்து பசையை எடுத்துப் பார்த்தார்கள். ஊசி வடிவப் பளிங்குகளே இருந்தன, கிருமித் தொற்று இல்லை. டைக்ளோபினாக்கை முற்றாக நிறுத்தினார்கள். ஹைட்ரோகுளோரோதயசைட்டுக்குப் பதிலாக லொசார்ட்டான் எழுதினார்கள். கொல்ச்சிசின் ஒருநாள் விட்டு ஒருநாளும், அலோபியூரினோல் 50 மில்லிகிராம் தினமும் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் வலது கணுக்கால் வீங்கியது. அப்பா பயந்துவிட்டார், நானுந்தான். ஆனால் தோலைப் பார்த்தோம், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. வைத்தியர் ஐந்து நாட்களுக்குப் பிரெட்னிசோலோன் கொடுத்தார். அலோபியூரினோலை ஒரு நாளும் விடவில்லை. வீக்கம் நான்காம் நாளே இறங்கிவிட்டது.

நான்காம் வாரப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 8.7, கிரியேற்றினின் 1.8. பொற்றாசியம் அளவோடு இருக்கிறது. குளிசையை 100 மில்லிகிராமாகக் கூட்டியிருக்கிறார்கள். 9.8 இலிருந்து 8.7 தானா என்று நான் மனம் சோர்ந்தபோது, இது தொடக்கம் மட்டுமே, இன்னும் பல படிகள் உண்டு என்று வைத்தியர் சொன்னார். காலிலிருந்து கசிவு குறைந்திருக்கிறது; தம்பி தினமும் மருந்துக்கட்டு மாற்றுகிறான். தம்பிக்கும் 31 வயதாகிறது, அவனையும் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

வெங்காயக் கணக்கு எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அப்பா கோடு போட்டு, திகதி, யூரிக் அமிலம், குளிசையின் அளவு என்று மூன்று நிரல்கள் பிரித்திருக்கிறார். பேனையை இரண்டு விரல்களுக்கிடையில் கொடுத்துத் தானே எழுதினார். இரண்டு வரிகள் நிரம்பியிருக்கின்றன. அடுத்த மாத அறிக்கை வந்ததும் இங்கே எழுதுகிறேன்.